கை நிறையச் சம்பளம். மாதக் கடைசியில் வெறும் கை!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், சிம்பாங் அம்பாட்டைச் சேர்ந்த நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நான் மற்றவர்களைப் பேச வைப்பவள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒலிவாங்கியை நீட்டிவிட்டு ஒதுங்கிக் கொள்வதுதான் என் வேலை. இன்றைக்கு என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். கொடுத்திருக்கும் தலைப்பு, 'பெரிய சம்பளம், பெரிய நெருக்கடி'. நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள். அதனால் புத்தகத்தில் இருப்பதை ஓரளவுக்கும், என் வீட்டில் நடந்ததைப் பெரும்பாலும் சொல்கிறேன். அண்ணனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "பேரைச் சொல்லாத, கணக்கைச் சொல்லு. நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்றார்.

2025 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணன் என் வீட்டு வாசலில் காடியை நிறுத்தினார். இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "ஒரு எண்ணூறு வெள்ளி இருக்கா? சம்பளம் வந்ததும் குடுத்துடறேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஏனென்றால் என் அண்ணன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். மாதச் சம்பளம் 14,500 வெள்ளி. அண்ணி கணக்காளர், அவருக்கு 8,200. இருவருக்குமாக 22,700 வெள்ளி. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளியை வைத்துப் பார்த்தால், 13 பேருடைய சம்பளம் அந்த ஒரே வீட்டுக்குள் வருகிறது. அந்த வீட்டுக்காரர்தான் சம்பள நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்க என்னிடம் 800 வெள்ளி கேட்கிறார்.

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கும் சிரிப்பு நின்றது.

மைலோ டின்னுக்குள் இருந்த நோட்டு

பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மனசு கேட்காமல் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்தார். அதற்குள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். அண்ணன் ஒவ்வொரு மாதமும் 26ஆம் தேதி அம்மாவுக்கு 600 வெள்ளி போடுவார். ஒரு மாதமும் தவறியதில்லை. அடுத்த மாதம் 18, 20ஆம் தேதி வாக்கில் அந்த 600 வெள்ளியை அம்மாவிடமிருந்து அண்ணனே கைமாற்றாக வாங்கிக் கொண்டு போயிருக்கிறார். 26ஆம் தேதி மறுபடி அது அம்மாவிடம் வரும். இப்படி 14 மாதம். ஒரே 600 வெள்ளி போய்வந்து கொண்டிருந்தது. ஊருக்கு அவர் அம்மாவைக் காப்பாற்றும் மகன். உண்மையில் அம்மா வாழ்ந்தது அப்பாவின் சொக்சோ ஓய்வூதியத்தில். அப்பா தோட்டத்து லோரி ஓட்டுநராக இருந்தவர்.

இன்னொன்றும் தெரிய வந்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. இரவுச் சந்தையில் 5 வெள்ளி நோட்டு என்று நினைத்து 50 வெள்ளியை நீட்டும் அளவுக்குப் பார்வை மங்கிவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் பெயர் பதியலாம் என்று அம்மா சொன்னபோது, "நான் இருக்கும்போது நீங்க ஏன் அங்க போய் வரிசையில உட்காரணும்? தனியார்ல பண்ணிடலாம், கொஞ்சம் பொறுங்கம்மா" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தக் 'கொஞ்சம்' ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. தனியாருக்குப் போகக் கையில் பணமில்லை. அரசாங்க மருத்துவமனைக்குப் போக மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் அம்மாவின் கண் காத்துக் கொண்டிருந்தது.

நேயர்களே, பெரிய சம்பளக்காரருக்கு வரும் பண நெருக்கடியை நாம் வேடிக்கையாகப் பேசுகிறோம். அதற்கும் விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

பணம் எங்கே போகிறது?

அன்றிரவு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அண்ணனும் அண்ணியும் நானும் உட்கார்ந்து எழுதினோம்.

22,700இல் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 2,500 வெள்ளி அளவில் போய்விடுகிறது. வருமான வரிக்கும் ஏறக்குறைய அதே அளவு பிடிக்கிறார்கள். சொக்சோவும் போகக் கைக்கு வருவது சுமார் 17,600.

அதில் வீட்டுக் கடன் 3,250. வாடகைக்கு விடலாம் என்று வாங்கிய அடுக்குமாடி வீட்டின் கடன் 1,900. அந்த வீடு ஐந்து மாதமாகக் காலி. இரண்டு காடிக்குத் தவணை 3,100. குடும்பத்துக்கெல்லாம் காப்புறுதியும் மருத்துவ அட்டையும் 1,250. இரண்டு பிள்ளைகளின் பள்ளி, டியூஷன், நீச்சல் வகுப்பு எல்லாம் சேர்த்து 2,200. இருவரின் பிடிபிடிஎன் 420. வீட்டைப் புதுப்பிக்க எடுத்த தனிநபர் கடன் 1,180. அம்மாவுக்கும் அண்ணியின் பெற்றோருக்கும் 1,400. தண்ணீர், மின்சாரம், தொலைபேசி, இணையம் 900. கடன்பற்று அட்டைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 700.

கூட்டிப் பாருங்கள். 16,300 வெள்ளி. மிச்சம் 1,300. அரிசி, மீன், பெட்ரோல், பாலத்து டோல், கல்யாண மொய், கோயில் நன்கொடை எல்லாம் அந்த 1,300க்குள் நடக்க வேண்டும். நடக்கவில்லை. ஆகவே அட்டையைத் தேய்க்கிறார்கள். அடுத்த மாதம் அட்டைக் கட்டணம் கொஞ்சம் ஏறுகிறது. அட்டைக்கு வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பட்டியலில் சூதாட்டம் இல்லை, குடி இல்லை, வெளிநாட்டுச் சுற்றுலா இல்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான செலவு. நல்ல வீடு, நல்ல பள்ளி, பெற்றோருக்குக் கொடுப்பது... எதைத் தப்பு என்று சொல்வது?

அந்த ஆறு மாதம்

விடை அண்ணியின் வாயிலிருந்துதான் வந்தது. "கோவிட் நேரத்துல நமக்குப் பணக் கஷ்டமே இல்லையே!" என்றார்.

ஞாபகம் இருக்கிறதா? 2020 ஏப்ரலில் இருந்து 6 மாதத்துக்கு வங்கிக் கடன் தவணைகளை நிறுத்தி வைத்தார்கள். வேலையும் வருமானமும் போன எத்தனையோ குடும்பங்களுக்கு அது உயிர் மூச்சு. ஆனால் அண்ணன், அண்ணியின் சம்பளத்தில் ஒரு சென்கூடக் குறையவில்லை. ஒரு சென்கூடக் கூடவும் இல்லை. தவணை மட்டும் நின்றது. அவ்வளவுதான், வீட்டில் பணம் தங்கியது. அப்படியென்றால் குறை சம்பளத்தில் இல்லை. கையெழுத்தில் இருக்கிறது.

அந்த 6 மாதத்தில் தங்கிய பணம் என்னவாயிற்று என்றால், அதுதான் கதையின் அடுத்த பகுதி. 2020 ஜூனில் அரசாங்கம் வீடு வாங்குவோருக்கு முத்திரை வரி விலக்குத் தந்தது. அதே ஜூனில் காடிகளுக்கு விற்பனை வரி விலக்கு வந்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் காடிகளுக்கு முழு விலக்கு. ஜூலையில் பேங்க் நெகாரா அடிப்படை வட்டி விகிதத்தை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. "இதை விட்டால் எப்போது?" என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணனும் அண்ணியும் மிச்சமிருந்த பணத்தை முன்பணமாகக் கட்டி, ஒரு புதிய காடிக்கும் அந்த அடுக்குமாடி வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு 2022 மே மாதத்திலிருந்து வட்டி ஏறத் தொடங்கியது. 2023 மே மாதத்தில் அது 3 விழுக்காட்டைத் தொட்டது. 2025 ஜூலையில்தான் 2.75க்கு இறங்கியது. 2,800 அளவில் இருந்த வீட்டுத் தவணை 3,250 ஆகிவிட்டது. சலுகை ஒரு தடவை வந்தது. தவணை மாதாமாதம் வருகிறது. காடிக் கடன் 9 ஆண்டு என்றால் 108 மாதம். வீட்டுக் கடன் 35 ஆண்டு என்றால் 420 மாதம். நல்ல மாதத்தில் போட்ட கையெழுத்தை எல்லா மாதமும் கட்ட வேண்டியிருக்கிறது.

சிரில் நார்த்கோட் பார்கின்சன் என்று ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர். 1950களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் செலவு அதைத் துரத்திப் பிடித்துவிடும் என்று 1960இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அரசாங்கங்களின் வரி, செலவு பற்றித்தான் முக்கியமாக எழுதினார். ஆனால் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தாமான் வீட்டுக்கும் அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

நாங்களா பணக்காரர்கள்?

2024 அக்டோபர் 18ஆம் தேதி, 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமர் தாக்கல் செய்தார். மேல்தட்டு 15 விழுக்காட்டினருக்கு ரோன்95 பெட்ரோல் மானியம் இனி இருக்காது என்ற அறிவிப்பும் அதில் வந்தது. உடனே நாடு முழுவதும் ஒரு குரல் எழுந்தது: "நாங்களா பணக்காரர்கள்?" புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்குப்படி மாதம் 11,820 வெள்ளி வருமானம் உள்ள குடும்பமே மேல்தட்டு 20 விழுக்காட்டுக்குள் வந்துவிடும். இரண்டு ஆசிரியர்கள் உள்ள வீடுகூட அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம். கடைசியில் 2025 செப்டம்பர் இறுதியில் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, வருமானத்தைக் காரணம் காட்டி யாரும் ஒதுக்கப்படவில்லை.

அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை. சென்ற வாரம் இந்தத் தலைப்பை நாங்கள் அறிவித்ததும் நிபோங் திபாலிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "பத்தாயிரம், இருபதாயிரம் வாங்கறவங்களுக்கு என்னம்மா கஷ்டம்? எங்க வீட்டுல 2,300 வெள்ளில அஞ்சு பேர் சாப்பிடறோம்" என்றார். அவருக்கு நான் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். அந்த அம்மாவுக்கு இருப்பது வறுமை. அரிசியா, மருந்தா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. என் அண்ணனுக்கு இருப்பது நெருக்கடி. அவர் ஒரு காடியைக் கொடுத்துவிட்டால் நெருக்கடியில் பாதி தீர்ந்துவிடும். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் அது ஏழைகளுக்குச் செய்யும் அவமரியாதை.

ஆனால் ஒரு பக்கத்தை அண்ணன் சார்பாகச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா விட்டுப்போன சொத்து ஒன்றுமில்லை. தோட்டத்து வீடு தோட்டத்துடையது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். தாத்தா பாட்டி தந்த வீட்டில் குடியிருந்து கொண்டு 14,500 வாங்குகிறவரும், எல்லாவற்றையும் கடனில் தொடங்கி 14,500 வாங்குகிறவரும் சம்பளச் சீட்டில் ஒன்று. வாழ்க்கையில் வேறு வேறு. முதல் தலைமுறைப் பட்டதாரி தனக்கு மட்டும் சம்பாதிப்பதில்லை. முன்னே இருந்த தலைமுறைக்கும் பின்னே வரும் தலைமுறைக்கும் ஒரே சம்பளத்தில் கட்டுகிறார். நம்மில் பலர் இப்படித்தான்.

லயத்தில் இல்லாத வாயிற்கதவு

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி என்று பொருள். நான் சிறுமியாக இருந்தபோது எங்களைச் சுற்றிச் செம்பனையும் கம்பமும்தான். 2014இல் இரண்டாவது பினாங்குப் பாலம் பத்து காவானில் வந்து இறங்கியது. தொழிற்சாலைகள் பெருகின. 2019இல் இக்கியா திறந்தார்கள். செம்பனை இருந்த இடங்களில் தாமான்கள். எங்கள் ஊர் வளர்ந்ததில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஒன்று போய்விட்டது. லயத்தில் இருந்தபோது யார் வீட்டில் அரிசி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். "சீனி கொஞ்சம் குடுங்க" என்று பிள்ளையைக் கிண்ணத்தோடு அனுப்புவதில் வெட்கம் இல்லை. லயத்து வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பட்ட கஷ்டத்தை அம்மா இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஆனால் இல்லாமையை மறைக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை. தாமானில் வாயிற்கதவு தானாக மூடிக் கொள்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. வெளியே நிற்கும் காடி மட்டும்தான் தெரியும். அந்தக் காடிக்கு ஏற்றபடி மொய் எழுத வேண்டும், அந்தக் காடிக்கு ஏற்றபடி கோயிலுக்குக் கொடுக்க வேண்டும்.

நம் நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவை நினைத்துக் கொள்ளுங்கள். தூத்துக்குடியில் பிறந்தவர். உச்சத்தில் இருந்த காலத்தில் கதாநாயகர்களுக்கு இணையாகச் சம்பளம் கேட்டு வாங்கியவர். கார் மாடிக்கே ஏறும்படி சென்னையில் வீடு கட்டினார் என்று இன்றும் சொல்வார்கள். அவர் எடுக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோன படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'மாடி வீட்டு ஏழை'. 1966இல் அவர் இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படமும் கைகொடுக்கவில்லை. 1974இல், 46 வயதில் மறைந்தபோது பழைய வசதி எதுவும் அவரிடம் இல்லை. அவருடைய திறமையில் குறை இல்லை. வரவு நின்ற நாளில் செலவு நிற்கவில்லை.

என்ன செய்யலாம்?

அறிவுரை சொல்லும் வயது எனக்கில்லை. எங்கள் வீட்டில் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கையெழுத்துகளை எண்ணினோம். வெள்ளியை எண்ணவில்லை, கையெழுத்தை எண்ணினோம். மாதாமாதம் கட்டியே தீர வேண்டும் என்று அண்ணனும் அண்ணியும் போட்டிருந்த கையெழுத்து மொத்தம் 14. டீக்கடைச் செலவைக் குறைப்பதால் அந்த 14இல் ஒன்றுகூடக் குறையாது. ஒரு கையெழுத்தைக் குறைத்தால் ஒவ்வொரு மாதமும் மூச்சு வருகிறது.

இரண்டாவது, சேமிப்பை வெள்ளியில் சொல்லாமல் மாதத்தில் சொல்லிப் பார்த்தோம். நாளைக்கு இரண்டு சம்பளமும் நின்றால் இந்த வீடு எத்தனை மாதம் ஓடும்? அண்ணனின் விடை, 11 நாள். 2,300 வெள்ளியில் குடும்பம் நடத்தும் பலர் அதைவிட அதிக நாள் சமாளிப்பார்கள். பேங்க் நெகாராவின் 2018 ஆய்வில், அவசரத்துக்கு 1,000 வெள்ளி புரட்டுவதே சிரமம் என்று 52 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதில் என் அண்ணனைப் போன்றவர்களும் இருந்திருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, வெளியே உதவி கேட்டோம். கடனில் சிக்கியவர்களுக்காக 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற அமைப்பு இருக்கிறது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. அங்கே சம்பளம் அதிகம் என்பதற்காக யாரும் சிரிப்பதில்லை. வட்டி முதலையிடம் போவதற்கு முன்னால் அங்கே போங்கள்.

திருவள்ளுவர் 478ஆம் குறளில் ஒரு கணக்குச் சொல்கிறார். வரும் வழி குறுகலாக இருந்தாலும் பரவாயில்லை, போகும் வழி அகலமாகாமல் இருந்தால் கேடில்லை என்பது அதன் கருத்து. அதை அவர் பொருள் சேர்ப்பது பற்றிய அதிகாரத்தில் வைக்கவில்லை. 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். தன் பலம் எவ்வளவு என்று அறிவது! சம்பளம் எவ்வளவு என்று நமக்கெல்லாம் தெரிகிறது. பலம் எவ்வளவு என்று தெரிவதில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. பெரிய காடியைக் கொடுத்துவிட்டு அண்ணன் பழைய மைவி ஒன்றில் வேலைக்குப் போகிறார். கொடுத்ததில் நட்டம்தான். அடுக்குமாடி வீடு இன்னும் விற்கவில்லை. அட்டைக் கடன் இன்னும் இருக்கிறது. "என்ன, வேலை போயிடுச்சா?" என்று கோயிலில் இரண்டு பேர் கேட்டார்கள். "இல்ல, கணக்குப் பார்க்க ஆரம்பிச்சிட்டேன்" என்றாராம்.

அம்மாவுக்கு அரசாங்க மருத்துவமனையிலேயே கண் அறுவைச் சிகிச்சை முடிந்தது. அண்ணன்தான் கூடப் போய் வரிசையில் உட்கார்ந்தார். கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தானே படித்தார். போன மாதம் அண்ணன் கொடுத்த 600 வெள்ளி திரும்பிப் போகவில்லை. மைலோ டின்னிலேயே இருக்கிறது.

இன்றிரவு சாப்பிட்ட பிறகு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, என் நிகழ்ச்சியாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து உங்கள் கையெழுத்துகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் பணம் உங்கள் வீட்டில் யாருடைய கண்ணையாவது காக்க வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.